சைல்டெஸ்: ஆய்வு மாணவர்களுக்கு ஓர் இலவசச் சுரங்கம்

குழந்தை மொழி வளர்ச்சியில் ஆய்வு செய்ய ஆசை, ஆனால் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்ய நேரமும் பணமும் இல்லை. என்னைப் போன்ற பகுதிநேர ஆய்வு மாணவர்களுக்கு சைல்டெஸ் தரவகம் பெரிய உதவி. மொழி வளர்ச்சி ஆய்வாளர்களான பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984-இல் தொடங்கியது. பல மொழிக் குழந்தைகள் பெரியவர்களோடு பேசிய உரையாடல்களின் எழுத்துப்படிகள் இதில் கிடைக்கும், காசில்லாமல். வனிதா என்ற தமிழ்க் குழந்தையின் பேச்சும் உண்டு; இதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை!

பகுப்பாய்வுக்கான கிளான் மென்பொருளும் இலவசம். ஆனால் அதன் தோற்றம் அரதப்பழசு. கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எனக்குள்ள பெரிய குறை வேறு. குழந்தையின் மொழி வளர்ச்சியை அளக்க, அது ஒரு தடவை பேசுவது சராசரியாக எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். இந்தச் சராசரிக் கூற்று நீளத்தைச் சொற்களாக எண்ணினால் தமிழுக்கு அது சரிவராது. நம் வினைமுற்று ஒன்றிலேயே காலம், இடம் (தன்மை, முன்னிலை, படர்க்கை), எண் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும்; சொல் எண்ணிக்கையில் குழந்தையின் திறமை பாதி மறைந்துவிடும். உருபன்களை, அதாவது சொல்லுக்குள் பொருள் தரும் மிகச் சிறிய கூறுகளை, நாமேதான் பிரித்துக் குறிக்க வேண்டும், அது முதுகொடிக்கும் வேலை. அப்புறம், பழைய தொகுப்புகள் பலவற்றில் ஒலிப்பதிவு கிடையாது. உச்சரிப்பு ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலக்கண ஆய்வென்றால் தாராளமாக இறங்கலாம்.