ஓட்டுக்குள் ஒரு அப்பா

மகளுக்கு வாசிக்கத்தான் கேட் டிகமிலோவின் ‘பிகாஸ் ஆஃப் வின்-டிக்ஸி’ நாவலை (2000) எடுத்தேன். அவள் தூங்கிய பிறகும் மூட மனம் வரவில்லை. ஃபுளோரிடாவில் ஒரு சிற்றூர், பத்து வயது ஓபல், சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்த நாய். அம்மா எப்போதோ விட்டுப் போய்விட்டாள். போதகரான அப்பா ஆமை மாதிரி ஓட்டுக்குள். “எனக்குப் பத்து வயது, அம்மாவைப் பற்றிப் பத்து விஷயம் சொல்லுங்கள்” என்று ஓபல் அவரிடம் கேட்கும் இடத்தில் எனக்குக் குரல் கம்மிவிட்டது.

அப்புறம் கதையில் வரும் அந்த மிட்டாய்! சோகம் கலந்த ருசி. வாயில் போட்டதும் சிடுமூஞ்சிச் சிறுமி அமண்டாவுக்கு, நீரில் மூழ்கி இறந்த தம்பியின் ஞாபகம் வருகிறது.

கடைசி விருந்தில் எல்லோரும் கூடுவது கொஞ்சம் வசதியாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் அம்மா திரும்பி வருவதில்லை, அது பிடித்திருந்தது.

காலையில் மகளின் முதல் கேள்வி: “இடி இடிச்சப்ப நாய் எங்கே போச்சு?”