பழனிக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? படி, யானைப்பாதை, வின்ச், ரோப் கார்: யாருக்கு எது?

பழனி மலைக்கு மேலே போக நான்கு வழி இருக்கிறது. போனமுறை எங்கள் குடும்பத்தில் எட்டுப் பேர். முட்டிவலி உள்ள அம்மா, ஒன்றரை வயதுக் குழந்தையோடு அண்ணி, ஓடி ஏறத் துடிக்கிற இரண்டு பையன்கள், மற்றபடி நாங்கள். எல்லோரும் ஒன்றாகவே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ரோப் கார் வரிசையில் நின்றோம். இரண்டரை மணி நேரம். குழந்தை அழுது ஓய்ந்தது, பையன்கள் சோர்ந்துபோனார்கள், அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அன்றைக்குப் புரிந்தது: எட்டுப் பேருக்கும் ஒரே வழி பொருந்தாது.

ரோப் கார் 2004-இல் வந்தது. ஏறியதும் மூன்று நிமிடத்தில் மேலே போய்விடலாம். கீழே ஊரும் வயலும் குளமும் விரியும். பிள்ளைகளுக்கு அது மறக்காது. ஆனால் பெட்டிகள் சிறியவை, ஒரு தடவையில் கொஞ்சம் பேர்தான் போகமுடியும். அதனால் சனி, ஞாயிறு, கிருத்திகை நாட்களில் வரிசை அசையவே அசையாது. காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். மதியம் சிறிது நேரம் ஓடாது. மாதத்தில் ஒரு நாளும், வருடத்தில் ஒரு மாதத்துக்குக் குறையாமலும் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் இது ஓடுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். வாரநாள் காலையில் போனால் தாராளமாக ஏறலாம், விடுமுறை நாளில் இதை நம்பி வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்.

வின்ச் என்று எல்லோரும் சொல்கிற மின் இழுவை ரயில் 1966-இலிருந்தே ஓடுகிறது. மலையைச் சுற்றிவரும் கிரிவீதியின் மேற்குப் பக்கத்தில் ஏறவேண்டும். எட்டு நிமிடம் ஆகும், ரோப் காரைவிட மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒரு பெட்டியில் நிறையப் பேர் உட்காரலாம், மூன்று தடங்கள் இருக்கின்றன, காலையில் சீக்கிரமே தொடங்கிவிடும். காற்றுக்கு ரோப் கார் மாதிரி பயப்படாது. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். உயரம் என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் இதுவே நிம்மதி.

படிப்பாதை பாத விநாயகர் சந்நிதியில் தொடங்குகிறது. ஏறக்குறைய 690 படி. காவடி எடுக்கிறவர்களும் நேர்த்திக்கடன் உள்ளவர்களும் ஏறுகிற வழி இது. இடும்பன் சந்நிதியும் இந்த வழியில்தான் வரும். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளைத் தோளில் காவடியாகச் சுமந்துவந்த இடும்பன் கதையை, மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் கால் வலிக்கிறது என்று முனகமாட்டார்கள். ஆனால் சில இடங்களில் படி செங்குத்தாக இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இதில் ஏறவேண்டாம்.

யானைப்பாதையைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும், வெளியூர்க்காரர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கோயில் யானை ஏறுவதற்காக அமைத்த வழி. சரிவு மெதுவாக இருக்கும், படிகள் குறைவு, அகலமும் அதிகம். சுற்றிப் போவதால் தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் நெஞ்சு அடைக்காமல் பேசிக்கொண்டே நடக்கலாம். வழியில் வள்ளிச்சுனை இருக்கிறது. தைப்பூசம், பங்குனி உத்திரம் மாதிரிக் கூட்டமான நாட்களில் யானைப்பாதையில் ஏற்றிப் படிப்பாதையில் இறக்குவார்கள். மற்ற நாட்களிலும் அப்படியே செய்வது நல்லது. ஆறேழு வயதுப் பிள்ளைகள், நடந்து பழகிய ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோரும் தாராளமாக ஏறலாம். காலை ஏழு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலுக்குக் கல் சுடும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். ஏறும்போது தெம்பாக இருந்த பலர் இறங்கும்போது பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முட்டி வலிக்காரர் ஒரு பக்கம் மட்டும் வாகனத்தில் போவதாக இருந்தால், இறங்குவதற்கு வைத்துக்கொள்ளட்டும்.

சரி, குடும்பத்தைப் பிரித்து அனுப்புகிறீர்கள், எங்கே சந்திப்பது? 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் செல்போனுக்கு அனுமதி இல்லை, கீழேயே ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். மேலே போய் ‘எங்கே இருக்கிறீர்கள்’ என்று கேட்க வழியே இல்லை. கிளம்பும்போதே இடத்தையும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் ராஜகோபுர வாசல் என்று வைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோர் பெயரையும் சந்திக்கும் இடத்தையும் எழுதி வையுங்கள்.

செருப்பையும் யோசிக்கவேண்டும். வின்ச் நிலையம் மலையின் ஒரு பக்கம், ரோப் கார் வேறு பக்கம், படி இன்னொரு பக்கம். ஒரு வழியில் ஏறி வேறு வழியில் இறங்கினால், கிரிவீதியில் வெறுங்காலோடு வெயிலில் நடந்து செருப்பைத் தேடவேண்டியிருக்கும். 2024-லிருந்து கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால் காரை நிலைய வாசல்வரை கொண்டுபோகவும் முடியாது. கோயில் நிர்வாகத்தின் பேட்டரி கார் ஓடுகிறது, முதியவர்களை அதில் ஏற்றிவிடுங்கள். செருப்பைத் தங்கும் அறையிலேயோ காரிலேயோ விட்டுவிடுவது உத்தமம்.

மொட்டை போடுவதாக இருந்தால் அடிவாரத்தில் முடித்து, குளித்து, திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மலையேறுங்கள். மூன்றாம் படைவீடு என்று பாடல் பெற்ற தலம் அதுதான், முதலில் அங்கே கும்பிடுவதுதான் மரபு. மழித்த பிஞ்சுத் தலைக்குச் சந்தனத்தோடு ஒரு தொப்பியும் வேண்டும்.

ஆவணியில் அண்ணன் குழந்தைக்கு முடி இறக்க மறுபடியும் போகிறோம். புதன்கிழமை காலை. அம்மா, அண்ணி, குழந்தை வின்ச்சில். அண்ணனும் நானும் பையன்களோடு யானைப்பாதையில். ஒன்பது மணிக்கு ராஜகோபுர வாசலில் சந்திப்பு. இறங்கும்போது ரோப் காரில் கூட்டம் இல்லையென்றால் பையன்கள் ஆசைப்பட்ட அந்த மூன்று நிமிடத்தையும் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.