நாலு பேர், ஒரே திரை: மியூலா, கேயாஸா?

1980-களின் வீட்டுக் கணினிகளில் கூட்டமாக உட்கார்ந்து ஆடிய வியூக விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், இரண்டு பெயர்கள் தப்பாமல் வரும். ஒன்று, 1983-இல் அமெரிக்காவில் அட்டாரி கணினிக்கு வந்த மியூல். மற்றொன்று, 1985-இல் பிரிட்டனில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்கு வந்த கேயாஸ். எது உசத்தி என்ற வாக்குவாதத்தில் கிராபிக்ஸையும் சத்தத்தையும் இழுத்தால் முடிவே வராது. தன் முறை வராத ஆள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும்.

மியூல், ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் இருந்த ஓசார்க் சாஃப்ட்ஸ்கேப் குழுவின் படைப்பு. வடிவமைத்தவர் டேனியெல் பன்டன் பெர்ரி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் முதன்முதலில் கடைக்கு அனுப்பிய ஆட்டங்களில் இதுவும் ஒன்று. எப்போதும் நால்வர் ஆட்டம்தான். ஆள் குறைந்தால் அந்த இடத்தில் கணினி உட்காரும். ஒரு வேற்றுக் கிரகத்தில் நிலம் பிடித்து, இயந்திரக் கோவேறு கழுதை ஒன்றை வாங்கி, அதற்கு உணவு, மின்சாரம், தாது என்று ஒரு வேலையைக் கொடுத்து நிலத்தில் கட்ட வேண்டும். கழுதையின் அடிப்படை விலை 100 டாலர். உணவுக்கான கருவி 25, மின்சாரத்துக்கு 50, ஸ்மித்தோர் தாதுக்கு 75.

இந்தக் கட்டத்தில் ஆளுக்கு ஆள் தனி முறை. முழு வயிறாக இருந்தால் முக்கால் நிமிடம் கிடைக்கும். போன மாதம் (ஆட்டத்தில் ஒரு சுற்றுதான் ஒரு மாதம்) உணவு போதவில்லை என்றால் அதிலும் வெட்டு விழும். புதிதாக ஆடுபவர்கள் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். நிலத்தில் இருக்கும் வீட்டுக் குறியின் மேல் சரியாக நிற்காமல் பொத்தானை அழுத்தினால் கழுதை பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். நேரம் முடிந்தாலும் அதே கதி. மலையும் ஆறும் நடையை மந்தமாக்கும் என்பதால், ஓரத்து மலைநிலத்தை எடுத்தவர் கடையில் தயங்கி நிற்கக் கூடாது. வேலை முடிந்தும் நேரம் மிஞ்சினால் மதுக்கடைக்குள் நுழைந்துவிட வேண்டும். அங்கே ஆடும் சூதில் யாருக்கும் நஷ்டமே கிடையாது. மிஞ்சிய நேரம் காசாகிவிடும்.

மியூலின் உயிர் ஏலத்தில் இருக்கிறது. விற்பவர்கள் திரையின் மேலே, வாங்குபவர்கள் கீழே, நால்வரும் ஒரே நேரத்தில். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் வாங்குபவரின் விலை ஏறும், விற்பவரின் விலை இறங்கும். இரண்டும் முட்டும் இடத்தில் சரக்கு ஒவ்வொன்றாகக் கை மாறும். ஆற்றோர நிலம் 4 உணவு தரும், சமவெளி 2, மலை 1 மட்டுமே. எல்லாரும் ஸ்மித்தோர் ஆசையில் மலைக்கு ஓடிய மாதத்தில், ஆற்றோரத்தில் இருப்பவர் ராஜா. மேலே அசையாமல் நிற்பார். கீழே மூவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார்கள். ஆனால் மிஞ்சும் உணவில் பாதி அடுத்த மாதத்துக்குள் அழுகிவிடும். அதனால் ஏல நேரம் கரையக் கரைய விற்பவருக்கும் வியர்க்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் என்று இங்கே யாருமே இல்லை.

ஜூலியன் கோலப் எழுதிய கேயாஸ் நேர் எதிர். இரண்டு முதல் எட்டு மந்திரவாதிகள், ஒரே விசைப்பலகை, எல்லாமே வரிசையாகத்தான். மந்திரம் தேர்ந்தெடு, ஏவு, நகர்த்து. எஸ் விசையைச் சுற்றியுள்ள எட்டு விசைகள்தான் எட்டுத் திசைகள். ஒருவர் மந்திரப் பட்டியலைத் திரையில் பார்க்கும்போது மற்ற ஏழு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இதில் கறாராக இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை.

ஏனென்றால் கேயாஸின் மொத்தச் சுவையும் புளுகில் இருக்கிறது. பொன் டிராகனை நிஜமாக வரவழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதையே மாயையாக ஏவினால் நிச்சயம் வரும், நிஜம் போலவே கடித்துக் குதறும். ஆனால் எல்லாரிடமும் தீராத ஒரு மந்திரம் உண்டு: நம்ப மறுப்பது. மாயை மீது அதை ஏவினால் டிராகன் மறையும். நிஜத்தின் மீது ஏவினால் அந்தச் சுற்று உங்களுக்கு வீண். ஆக, காத்திருக்கும் ஆளின் வேலை முகத்தைப் படிப்பது. முதல் சுற்றிலேயே டிராகன் வந்தால் சந்தேகப்படுங்கள். பெரிய எலி வந்தால் விட்டுவிடலாம். எலிக்காகப் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

தோற்பவரை நடத்தும் விதத்தில் மியூல் வெகு தூரம் முன்னால் நிற்கிறது. கடைசி இடத்தில் இருப்பவருக்குக் கெட்ட சம்பவம் வராது, முதலிடத்துக்கு நல்லது வராது. இருவர் ஒரே நேரத்தில் நிலத்துக்குப் பொத்தானை அழுத்தினால் பின்தங்கியவருக்கே கிடைக்கும். கையில் தொடங்கும் பணமும் எடுக்கும் இனத்தைப் பொறுத்தது: பழகியவர் ஹியூமனாய்டு எடுத்தால் 600 டாலர், புதியவர் ஃபிளாப்பர் எடுத்தால் 1600, மற்றவர்களுக்கு 1000. கேயாஸில் இந்த இரக்கமெல்லாம் கிடையாது. மந்திரவாதி செத்தால் அவர் உருவாக்கிய பிராணிகளும் சேர்ந்து மறையும். மூன்றாம் சுற்றில் போனவர் மீதி ஆட்டத்தை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். ஆனால் கேயாஸ் சீக்கிரம் முடிந்துவிடும். 12 மாத மியூலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும்.

இன்றைக்கு ஆடிப் பார்ப்பவர்கள் இடறுவது பெரும்பாலும் வன்பொருளில். அட்டாரி 400, 800 இரண்டிலும் ஜாய்ஸ்டிக்குக்கு நான்கு துளைகள். பின்னால் வந்த 800எக்ஸ்எல்லில் இரண்டுதான். கொமடோர் 64 கணினியிலும் இரண்டுதான், மற்ற இருவர் விசைப்பலகையில் தொங்க வேண்டும். எனவே ஆல்டிரா எமுலேட்டரில் (அட்டாரியைப் போல நடிக்கும் மென்பொருள்) 800 மாடல், 48 கிலோபைட் நினைவகம், என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறை என்று வையுங்கள். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறையில் வைத்தால் ஆட்டம் இழுக்கும். அசல் வட்டில் நகல் தடுப்பு இருப்பதால், அதை அப்படியே பிடித்துவைக்கும் ஏடிஎக்ஸ் வகைக் கோப்பு தேவை. சாதாரண ஏடிஆர் கோப்பில் அந்தத் தகவல் நிற்காது.

நால்வரையும் ஒரே விசைப்பலகையில் உட்காரவைக்காதீர்கள். மலிவு விசைப்பலகைகளில் மூன்று, நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில பதிவாகாது. ஏலத்தில் சரியாக அந்த நொடியில் ஒருவரின் கை கட்டப்பட்டுவிடும், சண்டை நிச்சயம். குறைந்தது இரண்டு யுஎஸ்பி கேம்பேடுகளாவது வேண்டும். கம்பியில்லாதவை வேண்டாம், நிலம் பிடிக்கும்போது சிறு தாமதமும் தோல்விதான்.

இரண்டே பேர் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, 1983-இலேயே வந்த ஆர்கான் என்ற ஆட்டத்தைப் போடுங்கள். 9க்கு 9 பலகை, ஆளுக்கு 18 காய்கள், ஐந்து சக்திப் புள்ளிகளையும் பிடித்தால் வெற்றி.

நாலு பேருக்கு மேல் வந்துவிட்டால் கேயாஸைத் தவிர வேறு வழியில்லை. ஸ்பெக்ட்ரமுக்கான ஃபியூஸ் எமுலேட்டரும் ஒரு மடிக்கணினியும் போதும். அசல் ஸ்பெக்ட்ரம் வைத்திருப்பவர்கள் ஜே விசையை ஒருமுறையும், சிம்பல் ஷிஃப்டோடு பி விசையை இருமுறையும் தட்டி, என்டர் கொடுத்து கேசட்டை ஓடவிட வேண்டும். டேப் லோடிங் எரர் என்று வந்தால் முதலில் ஒலியளவை முக்கால் பங்குக்குக் கொண்டுவாருங்கள். அப்படியும் வந்தால் பிளேயரின் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைச் சத்தம் கூர்மையாகும் வரை மெல்லத் திருப்புங்கள். ஹெட் சாய்ந்திருந்தால் மேல் ஸ்தாயி மங்கி, கணினிக்கு எதுவும் பிடிபடாது.