புது ஊசி என்று பழைய ஊசியைத் தலையில் கட்டிவிட்டார்கள், 56,500 ரூபாய் போச்சு

திருப்பூரில் இரண்டு நிட்டிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க்கில், அதாவது கூலிக்கு, துணி ஓட்டுகிறேன். நேற்று மதியம்தான் ஏமாந்தது தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நிட்டிங் தொழிலில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

மெஷின் 30 இஞ்ச் விட்டம், 24 கேஜ் (இஞ்சுக்கு 24 ஊசி), சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட் துணி). ஊசிகள் நிற்கும் உருளையான சிலிண்டரில் சுமார் 2,260 ஊசி. 90 பீடர் (நூல் ஊட்டும் இடம்), நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் ஒவ்வொரு ஊசியும் நிமிடத்துக்கு 2,250 முறை ஏறி இறங்குகிறது. தேயாமல் என்ன செய்யும்? ஒரு மாதமாகவே துணியில் நீளவாக்கில் ஊசிக்கோடு விழுந்தது. கோடு விழுந்த இடத்தில் மட்டும் ஊசியை மாற்றி ஒப்பேற்றினேன். முழு செட்டும் மாற்ற இரண்டு நாள் நிறுத்த வேண்டும், நாளுக்கு 250 கிலோ போய்விடும். துணி கேட்ட பார்ட்டியோ தினமும் ரோல் கேட்டு வாசலில் நிற்கிறார்.

இந்த அவசரம் தெரிந்துதான் ஊசியும் சிங்கரும் (ஊசிகளுக்கு நடுவே துணியைப் பிடிக்கும் தகடு) விற்கும் ஒரு கடைக்காரர் வந்தார். என் கண் முன்னே ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு ஊசியை உள்ளங்கையில் வைத்தார். கொக்கி பளபளவென்று மின்னியது. "நைட்டோட நைட்டா நம்ம பசங்களே மாத்திருவாங்கண்ணா, காலைல ஓட்டிரலாம்" என்றார். இரண்டு நாள் மிச்சம் என்ற ஒரே நினைப்பில் அங்கேயே ஜிபேயில் 56,500 அனுப்பினேன். பில் அப்புறம் தருவதாகச் சொன்னார். கழற்றிய பழைய ஊசிகளை "கழிவுதானேண்ணா" என்று மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனார்கள்.

ஒன்பதாவது நாள் சாயப்பட்டறையில் இருந்து போன். 400 கிலோ நேவி புளூ, முழுக்கக் கோடு.

கடைக்குப் பேசினால் முதலில் "நூல் சரியில்லைங்கண்ணா". நூலை மாற்றினேன். அடுத்து "ஆயில் மாத்துங்க". மாற்றினேன். அதற்கடுத்து "உங்க சிலிண்டரே தேஞ்சிருக்கும்". நேரில் போனால் முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார். இப்போது போனையே எடுப்பதில்லை.

நேற்று இருபது ஊசிகளை உருவி லென்ஸில் பார்த்தேன். வெளிப்பக்கம் பாலிஷ். கொக்கியின் உள்பக்கம் நூல் அறுத்த தடம் அப்படியே இருக்கிறது. லாட்சை (கொக்கியை மூடும் சின்ன நாக்கு) விரலால் தொட்டால் பக்கவாட்டில் ஆடுகிறது, மூடினால் கொக்கியின் நடுவில் உட்காரவில்லை. எனக்குக் காட்டிய அந்த ஒரு பெட்டிதான் புதுசு. கெட்ட துணிக்காகப் பார்ட்டி என் கூலியில் பிடிக்கப்போவது தனி. 56,500 ரூபாய், ஒரு மாதக் கரண்ட் பில்லும் இரண்டு ஆள் சம்பளமும் அதில் அடங்கும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. எல்லாப் பெட்டியிலும் நாலு ஊசி எடுத்து லென்ஸில் பாருங்கள். பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஆர்டர் குறைவான வாரத்திலேயே மெஷினை நிறுத்தி நீங்களே மாற்றிவிடுங்கள். பழைய ஊசியைக் கொடுப்பதானால் கொக்கியை நசுக்கிவிட்டுக் கொடுங்கள். என்னிடம் மூட்டை கட்டி எடுத்துப்போன 2,260 ஊசியும் இந்நேரம் யார் சிலிண்டரில் புது ஊசியாக ஏறியிருக்கிறதோ தெரியவில்லை.