கொளத்தூரில் ஒரு கல் கடை: சாக்பீஸ் கட்டத்துக்கு முழு மார்க், தராசுக்குப் பாதி

போன மாதம் ஒரு ராத்திரி ஹாலில் 'டங்' என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், மீன் தொட்டியில் மேல் கல் சரிந்து முன் கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது. கண்ணாடி உடையாதது என் நல்ல நேரம். நாலடித் தொட்டி, 200 லிட்டருக்கு மேல் தண்ணீர். தப்பு என்னுடையதுதான். மணலைக் கொட்டி அதன்மேல் கல்லை அடுக்கியிருந்தேன். வளர்ப்பதோ மலாவி சிக்லிட், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன். வாயால் மணலை அள்ளித் துப்பிக் குழி பறித்துக்கொண்டே இருக்கும். அடிமணல் போனால் கல் நிற்குமா?

சென்னை கொளத்தூர் போனேன். மீன் கடைகளுக்கு நடுவே, பெயர்ப்பலகைகூட இல்லாமல் கல்லும் வேர்க்கட்டையும் மட்டும் விற்கிற கடை அது. கடைக்காரர் தொட்டி அளவைக் கேட்டார். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் நாலுக்கு ஒன்றரை அடியில் கட்டம் போட்டார். "இதுக்குள்ள அடுக்குங்கண்ணே. கையால உலுக்கிப் பாருங்க, ஆடினா பிரிச்சிடுங்க." ஒன்றரை மணி நேரம் அடுக்கிப் பிரித்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்று இடத்தில் பதிந்து உட்காராத கல்லை அவரே எடுத்து ஓரம் வைத்தார்.

கண்ணாடியில் கல் அழுத்தாமலிருக்க அடியில் தெர்மாகோல் வேண்டாமாம், மீன் கொத்திக் கிளப்பிவிடும். ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டை அளவாக வெட்டிக் கொடுத்தார். அடியில் ஷீட், அதன்மேல் கல், கடைசியில்தான் மணல். மேல் கற்களுக்கு இடுக்கில் பஞ்சு திணித்து சூப்பர் குளூ விடும் வித்தையையும் கடைப் பையன் செய்து காட்டினான். சட்டென்று சூடேறிப் புகைந்து கல்லாகிவிடுகிறது பஞ்சு. வீட்டில் செய்பவர்கள் பருத்திக் கைலியில் சொட்டவிடாதீர்கள், தொடை வெந்துவிடும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். "எல்லாம் டெஸ்ட் பண்ண கல்லு" என்றார்கள். வெள்ளை வரியோடிய சாம்பல் கல்லில் வீட்டுக்கு வந்து வினிகர் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புச் சத்து. காரத் தண்ணீரில் வாழும் என் மீன்களுக்கு அது நல்லதுதான். மென்னீர் கேட்கும் டெட்ரா மீன் வளர்ப்பவர் வாங்கினால் தண்ணீரின் கடினம் ஏறிவிடும். சொல்லி விற்கலாமே?

டிராகன் கல்தான் நிஜ ஏமாற்றம். 6 கிலோ வாங்கினேன். அதன் ஓட்டையெல்லாம் களிமண். குடைந்து கழுவி நிறுத்தால் முக்கால் கிலோ குறைகிறது. மண்ணுக்கும் கல் விலை! அடுத்த முறை பல்குத்தும் குச்சியோடு போய், தராசில் வைப்பதற்கு முன்பே குடையப் போகிறேன்.