கேட், எக்ஸ்ஏடி, ஜிமேட், டான்செட்: யாருக்கு எந்த வாசல்?

எம்பிஏ தயாரிப்பைத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது, “எந்தத் தேர்வு சுலபம்?” என்றுதான். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பத்தாவது மதிப்பெண், பன்னிரண்டாவது மதிப்பெண், டிகிரி சதவீதம், வேலைபார்த்த மாதங்கள், சாதிச் சான்றிதழின் வகை, திரட்ட முடிந்த பணம் ஆகிய ஆறையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எந்தத் தேர்வுக்கு ஆறு மாதத்தைக் கொடுப்பது என்ற முடிவில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். ஏனென்றால் நான்கு தேர்வுகளிலும் கணக்கு ஏறக்குறைய ஒரே கணக்குதான். தேர்வுக்குப் பிறகு கல்லூரி எதை எடைபோடுகிறது என்பதில்தான் இவை பிரிகின்றன.

கேட்: பழைய மார்க் ஷீட் கூடவே வரும்

ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) முறைவைத்து நடத்தும் கேட் (CAT) தேர்வு நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று ஷிஃப்டுகளில் நடக்கும். 2025-இல் கட்டணம் 2,600 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300. 2024 தாளில் 68 கேள்விகள்: வெர்பல் (ஆங்கிலம்) 24, டிஐஎல்ஆர் (தரவு விளக்கம், தர்க்கம்) 22, குவான்ட் (கணக்கு) 22. ஒவ்வொரு பகுதிக்கும் சரியாக 40 நிமிடம். ஒன்றை முன்கூட்டியே முடித்தாலும் அடுத்த பகுதிக்குத் தாவ முடியாது, முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழியும். விடையைத் தட்டச்சு செய்யும் ‘டீட்டா’ கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. ஆகவே டீட்டா கேள்வி எதையும் காலியாக விடுவதில் அர்த்தமில்லை.

2024-இல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சென்டைல் (எழுதியவர்களில் 99 சதவீதம் பேரைவிட மேல்) வாங்கியவருக்கு முன்னால் அப்போதும் ஏறத்தாழ 2,900 பேர் நிற்கிறார்கள். ஐஐஎம் அகமதாபாத்தின் இரண்டாண்டு வகுப்பில் இருக்கும் இடங்கள் நானூறு சொச்சம். இன்னொரு பக்கம், அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் பாதியை எட்டாமலேயே 99 பெர்சென்டைல் கிடைத்திருக்கிறது. இது நிறைய எழுதுபவருக்கான தாள் இல்லை. எதை விடுவது என்று தெரிந்தவருக்கான தாள். டிஐஎல்ஆரில் இது அப்பட்டமாகத் தெரியும். 2024-இல் ஐந்து செட்டுகள் (ஒரே தகவலை வைத்து வரும் கேள்விக் கூட்டங்கள்) வந்தன. முதல் ஐந்து நிமிடம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து, இரண்டையோ மூன்றையோ தேர்ந்தெடுத்து, அவற்றை முழுசாக முடித்தவர்கள் தப்பித்தார்கள். முதல் செட்டிலேயே பதினெட்டு நிமிடம் முட்டிக்கொண்டு நின்றவருக்கு மீள வழியில்லை.

பகுதிவாரி கட்-ஆஃப் (ஒவ்வொரு பகுதியிலும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச பெர்சென்டைல்) அடுத்த பொறி. குவான்டில் 99.8 வாங்கிவிட்டு வெர்பலில் 75-இல் நின்றால் மொத்த பெர்சென்டைல் அழகாகத் தெரியும், அழைப்பு வராது. எஞ்சினியரிங் படித்தவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். வெர்பலின் பெரும்பகுதி பத்தி படித்து விடை சொல்வது. அகராதியை மனப்பாடம் செய்து இதை ஈடுகட்ட முடியாது. தினம் ஒரு மணி நேரம் தலையங்கம், தத்துவம், பொருளாதாரம் என்று பழக்கமில்லாத விஷயங்களை ஆங்கிலத்தில் படிப்பது மட்டுமே வேலை செய்கிறது. அதுவும் நான்கைந்து மாதம் கழித்துத்தான் பலன் தெரியும்.

இனி மார்க் ஷீட். அகமதாபாத்தில் கேட் மதிப்பெண்ணோடு ‘அப்ளிகேஷன் ரேட்டிங்’ சேரும். பள்ளி, கல்லூரி மதிப்பெண்ணும் வேலை அனுபவமும் அதில் புள்ளிகளாகும். பெங்களூரும் இதே சாயலில் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண்களுக்கு எடை கொடுக்கிறது. பத்தாவதில் 70 சதவீதம் எடுத்தவர் 99.5 வாங்கியும் அழைப்பில்லாமல் இருப்பதும், 95 எடுத்தவர் அதைவிடக் குறைந்த பெர்சென்டைலில் உள்ளே போவதும் இதனால்தான். ஐஐஎம் திருச்சி போன்ற புதிய ஐஐஎம்கள் பல சேர்ந்து பொது இன்டர்வியூ நடத்துகின்றன. பழைய மதிப்பெண் சுமாராக இருப்பவர்கள் அந்த வரிசையைக் குறிவைப்பதே நடைமுறைக்கு ஒத்தது.

தமிழ்நாட்டு மாணவர்கள் விண்ணப்பத்தில் தடுக்கி விழும் இடங்கள் தனி. 2021-இல் எஸ்எஸ்எல்சி முடித்தவர்களின் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சி மட்டும்தான். விண்ணப்பத்தின் மதிப்பெண் கட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மார்க்கையோ ஊகித்த எண்ணையோ போட்டால் சரிபார்ப்பின்போது சிக்கல். கேட் உதவி மையத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திவிட்டு நிரப்புங்கள். சிஜிபிஏவைச் சதவீதமாக்க உங்கள் பல்கலைக்கழகம் சூத்திரம் தந்திருந்தால் அதுதான் செல்லும். சூத்திரமே இல்லையென்றால் மட்டும் வாங்கியதை உச்ச அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும், 10-க்கு 7.8 என்றால் 78.

இதைவிடப் பெரிய இழப்பு சாதிச் சான்றிதழில் நடக்கிறது. மாநில அரசு தரும் பிசி, எம்பிசி சான்றிதழ் ஐஐஎம்முக்கு உதவாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவு) வராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ்தான் வேண்டும். 27 சதவீத இடஒதுக்கீடு அதை வைத்துத்தான். மாநிலப் பட்டியலில் பிசி என்று இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, முதலில் அதைப் பாருங்கள். பதிவு ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்து செப்டம்பரில் மூடிவிடும். பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற முடியாது. ஆகவே ஜூன் மாதமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுவது உத்தமம்.

எக்ஸ்ஏடி: தாளே பெரும்பாலும் முடிவு செய்யும்

ஜம்ஷெட்பூரின் எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரி நடத்துவது. ஜனவரி முதல் ஞாயிறு. கேட் முடிந்து சுமார் ஐந்து வாரம் கிடைக்கும். பத்தாவது மதிப்பெண் காலை வாருகிறது என்றால் இந்த வாசலைத் தீவிரமாகப் பாருங்கள். எக்ஸ்எல்ஆர்ஐயின் இன்டர்வியூ அழைப்பு முதன்மையாக எக்ஸ்ஏடி பெர்சென்டைலையும் பகுதிவாரி கட்-ஆஃபையும் பொறுத்தது. பள்ளி மதிப்பெண்ணும் அனுபவமும் கடைசித் தேர்வில் கொஞ்சம் பேசும், ஆனால் கதவை அடைப்பதில்லை. தனியார் கல்லூரி என்பதால் ஐஐஎம் போன்ற சட்டப்படியான இடஒதுக்கீடு இங்கே கிடையாது.

2025 தாளில் 95 கேள்விகள், 180 நிமிடம். முதல் 170 நிமிடத்தில் வெர்பல் 26, டெசிஷன் மேக்கிங் 21, குவான்ட் 28. இந்த மூன்றுக்குள் இஷ்டம்போல் போய்வரலாம், கேட்டில் இல்லாத சௌகரியம் இது. கடைசி 10 நிமிடம் 20 பொது அறிவுக் கேள்விகள். அவை பெர்சென்டைலில் சேராது, நெகட்டிவும் இல்லை.

மதிப்பெண் முறைதான் விசித்திரம். சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. எட்டுக் கேள்விவரை சும்மா விடலாம். அதற்குமேல் விட்ட ஒவ்வொன்றுக்கும் 0.10 போகும். 75-இல் 45 மட்டும் எழுதினால் விட்டவை 30, அதில் 22-க்குத் தண்டம், ஆக 2.2 மதிப்பெண் நஷ்டம். ஐந்து விருப்பங்கள் இருப்பதால் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எனவே எட்டைத் தாண்டியபின் காலியாக விடுவதைவிட, ஒரு விருப்பத்தையாவது நீக்கிவிட்டுக் குறிப்பது மேல். கேட்டில் குருட்டாம்போக்கில் குறித்தாலும் சராசரி பூஜ்யம்தான், ஆனால் அங்கே விடுவதற்குத் தண்டமில்லை. ஒரே உத்தியோடு இரண்டு தேர்வையும் எழுதப் போகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

டெசிஷன் மேக்கிங் கேட் தயாரிப்பில் வராத பகுதி. ஒரு நிறுவனச் சிக்கலைச் சொல்லி, மேலாளர் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். சட்டென்று நல்லவராகத் தெரியும் விடை பல நேரம் தப்பு. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் என்ன ஆகும், பிரச்சினையின் வேர் தீர்கிறதா, கேள்வியில் இல்லாத தகவலை நாமே சேர்த்துக்கொண்டோமா என்று பார்த்தால் இரண்டு விருப்பங்களுக்குச் சுருங்கும். இதற்குக் கடந்த பத்தாண்டுத் தாள்களைத் தவிர நல்ல பாடப்புத்தகம் எதுவும் இல்லை.

இன்னொரு தவறு பணம் கட்டியபின் நடக்கிறது. எக்ஸ்ஏடிக்குப் பதிவு செய்தாலே எக்ஸ்எல்ஆர்ஐக்கு விண்ணப்பித்ததாக ஆகாது. பிசினஸ் மேனேஜ்மென்ட், ஹெச்ஆர் ஆகிய படிப்புகளைத் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தனியாகப் பணம் செலுத்த வேண்டும். சென்னை லிபா போன்று இந்த மதிப்பெண்ணை ஏற்கும் மற்றக் கல்லூரிகளுக்கும் அவரவர் தளத்தில் விண்ணப்பம் தனி.

ஜிமேட்: வேலை அனுபவம் பேசும் இடம்

இரண்டு வருடமாவது வேலைபார்த்தவர்களுக்கு இது வேறு உலகம். 64 கேள்விகள், 2 மணி 15 நிமிடம், தலா 45 நிமிடத்தில் மூன்று பகுதிகள், மதிப்பெண் 205 முதல் 805 வரை. குவான்ட் பகுதியில் ஜியோமெட்ரி கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது. 16 நாள் இடைவெளியில் திரும்ப எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண் ஒரு சேர்க்கைச் சுற்றோடு முடிந்துவிடும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் ஒரு வருடம் போகிற கவலை இங்கே இல்லை.

விலைதான் கசப்பு. மையத்தில் எழுத 275 டாலர், நம் பணத்தில் இருபதாயிரத்தைத் தாண்டும். ஐஎஸ்பியின் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) ஓராண்டுப் படிப்புக்கு ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு மதிப்பெண்ணோடு கட்டுரைகள், பரிந்துரை, இன்டர்வியூ எல்லாம் உண்டு. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வரை சுற்றுச் சுற்றாக விண்ணப்பம் வாங்குவார்கள். முதல் இரண்டு சுற்றுக்குள் போய்விடுவது நல்லது. ஐஐஎம்களின் ஓராண்டுப் படிப்புகளுக்கு அனுபவம் இன்னும் கூடுதலாக வேண்டும்: அகமதாபாத் பிஜிபிஎக்ஸுக்கு 4 ஆண்டு, பெங்களூர் ஈபிஜிபிக்கு 5 ஆண்டு. மதிப்பெண் உயர்ந்திருந்தும் நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் ஒரே குறைதான் தெரியும். “புராஜெக்டில் பணியாற்றினேன்” என்று எழுதியிருப்பார்கள். தான் எடுத்த முடிவு எது, அதனால் எவ்வளவு செலவோ நேரமோ மிச்சமானது என்ற எண் இருக்காது.

தேர்வு மையத்தில் காட்ட பாஸ்போர்ட் வேண்டும், பதிவுப் பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக என்று இருப்பது நம் ஊரில் வழக்கம். கணக்கு தொடங்கும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டான்செட்டும் பணக் கணக்கும்

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் மாநில நுழைவுத் தேர்வான டான்செட்டை ஏளனமாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. அது நியாயமில்லை. 100 கேள்வி, 2 மணி நேரம், தவறுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழிவு. கேட்டுக்குப் படித்தவருக்குத் தனித் தயாரிப்பே தேவையில்லை. கலந்தாய்வைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு இங்கே பொருந்தும்; ஐஐஎம்மில் செல்லாத அந்த எம்பிசி சான்றிதழ் இங்கே செல்லும். ஆனால் பட்டியலில் பெயர் தெரியாத கல்லூரிகளும் ஏராளம். முதல் சில கல்லூரிகளில் கிடைக்காவிட்டால் சேராமல் அடுத்த ஆண்டு எழுதுவதே மேல் என்பது எங்கள் கணிப்பு.

அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐஐஎம்களில் இரண்டாண்டுக் கட்டணம் மட்டும் 25 லட்சத்தைத் தாண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ் அதே கேட் மதிப்பெண்ணில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வாங்குகிறது. அதனால் அங்கே போட்டியும் ஐஐஎம்களுக்குச் சளைத்ததல்ல. ஐஐடி மெட்ராஸ், என்ஐடி திருச்சி எம்பிஏவுக்கும் கேட் போதும். எஃப்எம்எஸ், ஐஐடி, என்ஐடி எல்லாவற்றுக்கும் தனி விண்ணப்பம் உண்டு. மும்பை எஸ்பி ஜெயின் போன்ற சில இடங்களில் கேட் முடிவு வருவதற்கு முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும். கடன் எடுப்பவர்கள் 2024-இல் வந்த பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்தின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடமானமோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன் கிடைக்கும்.

பள்ளி மதிப்பெண் 90-க்கு மேல், அனுபவம் இல்லை என்றால் கேட்டை மையமாக வைத்து, டிசம்பரில் டெசிஷன் மேக்கிங்கைச் சேர்த்து எக்ஸ்ஏடி எழுதலாம். 75-ஐச் சுற்றி இருந்தால் இந்த வரிசையைத் திருப்பி, ஜூலையிலிருந்தே எக்ஸ்ஏடி தாள்களைத் தொடங்குங்கள். மூன்று வருட அனுபவத்தோடு கேட்டில் இரண்டு முறை 96-இல் நின்றவர்கள் மூன்றாம் முறை எழுதுவதைவிட அந்த ஆறு மாதத்தை ஜிமேட்டுக்குக் கொடுக்கலாம். டான்செட் யாராக இருந்தாலும் எழுதி வைக்கலாம், ஆயிரம் ரூபாய்தான்.