8 வருஷம், ஒரே ஹெட்ஃபோன்: மெட்டல், சீரிஸ், படம்

வாங்கி ஒரு வாரத்துல எழுதுற ரிவ்யூல எனக்கு நம்பிக்கை இல்ல, அப்போ எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அதான் 8 வருஷம் ஓட்டிட்டு எழுதுறேன். வயர் வச்ச, காதை முழுசா மூடுற, வெளிப்பக்கமும் அடைச்ச குளோஸ்டு பேக் டைப். பிராண்ட் பேரு வேணாம், அந்த மாடலே இப்போ வர்றதில்ல. வாங்கினது மெட்டல்ங்கிற அதிரடி ராக் இசை கேக்கத்தான், ஆனா ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் சீரிஸும் படமும் இதுலயே பாக்க ஆரம்பிச்சு, கடைசில என் ரசனையையே இது மாத்திடுச்சு.

இதுக்கு முன்னாடி வச்சிருந்தது பேஸை, அதாவது அடித்தொனியை, ஏத்தி அடிக்கிற ரகம். முதல் தடவை கேக்குறப்போ ஆஹான்னு இருக்கும், ரெண்டு காலாலயும் மிதிக்கிற டபுள் பேஸ் டிரம் வேகமா வந்துச்சுன்னா கிட்டார், டிரம் எல்லாம் சேர்ந்து கூழாயிடும். இதுல பேஸ் அளவோடதான் வருது, முதல் மாசம் சப்புன்னு இருந்துச்சு, காசு வேஸ்டோன்னு கூட நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் பிளாக் சப்பாத்ங்கிற பேண்டோட முதல் ஆல்பம் போட்டேன், 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வந்தது. முதல்ல மழை, இடி, எங்கயோ தூரத்துல சர்ச் மணி, அப்புறம்தான் கிட்டார் விழுது. ரொம்ப மெதுவா, ஒரு நோட்டு அடங்குற வரைக்கும் விட்டுட்டுதான் அடுத்தது. கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமிக்கு 17 வயசுல ஃபேக்டரி மெஷின்ல வலது கை ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, அவர் இடது கைக்காரர், அதனால கம்பியை அழுத்துற கையே அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிக்கிட்டு, அழுத்த லேசா இருக்கட்டும்னு மெல்லிசு கம்பி போட்டு, பின்னாடி சுருதியையும் இறக்கி வாசிச்சார். இன்னிக்கு நாம ஹெவின்னு கொண்டாடுறதுல பாதி அந்த விரலுக்குப் பார்த்த வைத்தியம்தான்.

இதே ஹெட்ஃபோன்ல மெட்டாலிகாங்கிற இன்னொரு மெட்டல் பேண்டோட 2008 ஆல்பம் டெத் மேக்னெடிக் முழுசா கேக்க முடியல. பாட்டுங்க நல்ல பாட்டுங்கதான், ஆனா மாஸ்டரிங்ல, அதாவது வெளியிடுறதுக்கு முன்னாடி கடைசியா சத்தத்தை சரி பண்றப்போ, எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்கு நசுக்கி வச்சிருக்காங்க, மூணாவது பாட்டுலயே காது களைச்சுடுது. கிட்டார் ஹீரோ கேம்ல அதே பாட்டுங்க இவ்ளோ நசுங்காம வந்துச்சு, ரசிகர்கள் ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு பெரிய சண்டையே நடந்துச்சு. எல்லா இடத்துலயும் சத்தமா இருந்தா எங்கயும் சத்தமா இருக்காதுங்கிறது எனக்கு உறைச்சது அப்போதான்.

அந்தக் காதோட தி வயர்ங்கிற அமெரிக்க சீரிஸ் பார்த்தேன் (5 சீசன், 60 எபிசோட், 2002 லருந்து 2008 வரைக்கும்). இதுல பின்னணி இசைன்னு தனியா கிட்டத்தட்ட கெடையாது, கார்ல ரேடியோ ஓடினா பாட்டு கேக்கும், சீசன் முடியிறப்போ காட்சிகளைத் துண்டு துண்டா கோத்துக் காட்டுற ஒரு மான்டாஜுக்கு பாட்டு வரும், அவ்ளோதான். இப்போ அழணும், இப்போ பயப்படணும்னு யாரும் நமக்கு சிக்னல் குடுக்கறதில்ல. முதல் நாலு எபிசோட் பொறுமையை சோதிக்கும், தாண்டிட்டா தூக்கம் போச்சு. அதுக்கப்புறம் ஒருத்தன் கதவைத் திறந்தாக்கூட டமார்னு மியூசிக் போடுற சீரியல் எதையும் என்னால உக்காந்து பாக்க முடியல, இது ஹெட்ஃபோனோட குறையான்னு தெரியல.

குறைன்னதும் ஞாபகம் வருது. நாலாவது வருஷம் வயர் முனைல செருகுற பின் கிட்ட லூஸ் கான்டாக்ட் ஆயிடுச்சு, வயரை ஒரு மாதிரி மடக்கிப் புடிச்சாதான் சத்தம் வரும். அந்த நேரம் பார்த்துதான் தி சொப்ரானோஸ் சீரிஸோட கடைசி எபிசோட் பாத்துட்டிருக்கேன். பாட்டு ஓடுது, ஹீரோ டோனி நிமிர்ந்து பாக்குறான், பட்டுன்னு கறுப்பு, சத்தமும் இல்ல. சனியன் செத்துடுச்சுன்னு பின்னைத் திருகுறேன், வயரை ஆட்டுறேன், அதுக்குள்ள டைட்டில் ஓட ஆரம்பிச்சிடுச்சு. 2007 ல வந்த முடிவு, உலகமே அடிச்சுக்கிட்ட முடிவு, நான் அதைப் பின்னைத் திருகிக்கிட்டே பாத்தேன். ரீவைண்ட் பண்ணி மறுபடி பாத்தேன், ஆனா அந்த பக்குன்னு ஆனது மறுபடி வரல.

படத்துக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென், 2007. பெட்ரோல் பங்க்ல காசு சுண்டுற சீன், மியூசிக் இருக்கிறதே தெரியாது. கசக்கி மேஜை மேல வச்ச கவர் தானா மெல்ல விரியுது, கரகரன்னு அந்த சத்தம் காதுக்குள்ள ஊருது. டிவி ஸ்பீக்கர்ல இந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்திருக்கேன், அந்தக் கவர் சத்தத்தை கவனிச்சதே இல்ல.

ஆக்ஷன் படத்துல வசனம் முணுமுணுன்னும் வெடி காதைக் கிழிக்கிற மாதிரியும் வந்தா ஆடியோ செட்டிங்ல பல ஸ்பீக்கருக்கான 5.1 ஐ விட்டுட்டு இடது, வலதுன்னு ரெண்டுக்கு மட்டுமான ஸ்டீரியோவுக்கு மாத்திப் பாருங்க, நிறைய தடவை அதுலயே சரியாகும். வால்யூமை மட்டும் ஏத்தாதீங்க, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எனக்கு ஒரு வருஷம் காதுல குயிங்னு இருந்துச்சு, தானா போச்சு, எல்லாருக்கும் போகும்னு சொல்ல முடியாது.

காதுல படுற மெத்தை, அதான் இயர் பேட், மூணாவது வருஷமே உரிய ஆரம்பிச்சு காதெல்லாம் கறுப்பு செதிலா ஒட்டும். வெல்வெட் மாதிரி துணி பேட் போட்டேன், வேர்க்கல ஆனா இருந்த கொஞ்சம் பேஸும் போச்சு, பழையபடி லெதர் மாதிரிக்கே வந்துட்டேன். பின்னை நானே ரெண்டு தடவை வெட்டி ஒட்டியாச்சு. நேத்துலருந்து இடது பக்கம் மறுபடி விட்டு விட்டு வருது, சால்டரிங் அயர்ன் பக்கத்துல சூடாகிட்டு இருக்கு.